மதவடித் தாளும் மாயத் தாளும்

இந்தக் கிழமை உறைகளை உடைத்தால் பாதிக்கு மேல் ஒரே விசயம்: போனுக்குள் நடக்கிற அனிமே காட்ஸ் சண்டை. தர்மபுரம், கல்லாறு, விசுவமடு, புளியம்பொக்கணை என்று சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே காய்ச்சல். தேங்காய் விலை பற்றிய கேள்விகள் அடுத்த கிழமைக்குப் போகின்றன. தேங்காய் விலை எங்கேயும் போகாது.

*

மதவடியில இருந்து காட்ஸ் விளையாடினால் அப்பா தடியோட வாறார். அதையே போனில விளையாடினால் "பிள்ளை ரியூசன் நோட்ஸ் பாக்குது" எண்டு தேத்தண்ணி வருது. இது என்ன நியாயம்?
(ஓ.எல். மாணவன், தர்மபுரம்)

மதவடி படலையில் நின்றால் தெரியும், போன் திரை தெரியாது. நியாயம் அவ்வளவுதான் தம்பி. இந்தப் பக்கம் உம்முடைய வீட்டுக்கும் வரும் என்பதால், தேத்தண்ணியை இன்றைக்கே குடித்து முடியும்.

*

என்ர மகன் பெரிய கண் வைச்ச பொம்பிளைப் பிள்ளையளின்ர படம் போட்ட தாளுகளை வைச்சு, முகம் தெரியாத ஆரோடயோ சண்டை பிடிக்கிறான். இதில என்ன கிடக்கு?
(ஒரு தகப்பன், விசுவமடு)

கணக்குக் கிடக்கிறது ஐயா, அதை மறைக்கத்தான் படம். ஜப்பானின் சைகேம்ஸ் கொம்பனி 2016இல் விட்ட ‘ஷடோவேர்ஸ்’ என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். உங்கள் மகன் விளையாடுவது அதுவாகவோ அதன் சொந்தக்காரனாகவோ இருக்கும்.

ஆளுக்கு 40 தாள் கொண்ட ஒரு கட்டு. அந்தக் கட்டை விளையாடுகிறவரே தெரிந்து கட்டவேண்டும். ஒரே தாள் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. இரண்டு பக்கத்துக்கும் 20 உயிர்ப் புள்ளி. எதிராளியின் இருபதையும் தேய்த்தால் வெற்றி. முதல் முறையில் செலவழிக்க 1 புள்ளிதான் கிடைக்கும். அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 3, அப்படியே ஏறிப் 10இல் நிற்கும். எட்டுப் புள்ளி கேட்கிற பெரிய பறவைநாகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறையில் முழித்தால் அது வெறும் படம். அதுவரைக்கும் 1 புள்ளி, 2 புள்ளிச் சின்னத் தாள்களை இறக்கிச் சமாளிக்கத் தெரியவேண்டும். மாதக் கடைசியில் வீட்டுச் செலவைக் கொண்டுபோகிற உங்கள் மனைவிக்கு இதை விளையாடக் கொடுத்தால் மகன் தோற்பான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. முதலில் தொடங்குகிறவருக்கு இயல்பாகவே கொஞ்சம் வசதி. அதைச் சமப்படுத்த, இரண்டாவது ஆளுக்கு முதல் முறையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு தாள் வரும். இறக்கிய தாளை ‘பரிணமிக்க’ வைத்துப் பலம் கூட்டுகிற வாய்ப்பு முதலாமவருக்கு 2 தரம், இவருக்கு 3 தரம். பிந்தி வந்தவனுக்கு இப்படிக் கணக்குப் பார்த்துக் கொடுத்த பட்டியலை நான் எந்த நிவாரணக் கூப்பன் கடையிலும் கண்டதில்லை.

பரிணமிக்கும்போது அதே ஆளின் இரண்டாவது படம் வரும், குரலும் வரும். உங்கள் மகன் ‘ஆ’ என்று கத்துவது அந்த நேரத்தில்தான்.

*

அனிமே ஆக்களுக்கு ஏன் கண் இவ்வளவு பெரிசு?
(கல்லாறு)

தாளின் விலையைப் பார்த்துவிட்டார்கள்.

*

நாங்கள் 304 அடிச்ச காலத்தில மூளை வேலை செய்தது. இப்பத்தைப் பெடியளுக்கு விரல்தான் வேலை செய்யுது. ஒத்துக்கொள்ளுறீரோ?
(ஓய்வுபெற்ற ஒருவர், புளியம்பொக்கணை)

ஐயா, கோபத்தைத் துரும்பு மாதிரிக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். உங்கள் 304ஐ ஒருக்கால் வெளியே நின்று பாருங்கள். ஏழுக்குக் கீழே உள்ளதை எல்லாம் ஒதுக்கிவிட்டு 32 தாள். ராசாவுக்கு 3 புள்ளி. ராணிக்கு 2. ஆசுக்கு 11, பத்துக்குப் 10. ஒன்பதுக்கு 20. சேவகன் ஜேக்கு 30, எல்லோருக்கும் மேலே அவன்தான். ஏழும் எட்டும் பூச்சியம். ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. ராசாவை விட வேலைக்காரனுக்குப் பத்து மடங்கு பெறுமதி கொடுத்த விளையாட்டைத் திண்ணையில் வைத்துத் தலைமுறை தலைமுறையாக விளையாடிவிட்டு, போனில் ஒரு பூனை ஒரு பறவைநாகத்தை வெல்வதைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இன்னும் ஒன்று. 304இல் முதல் நாலு தாள் கைக்கு வந்ததும் கேட்கத் தொடங்குகிறீர்கள். மிச்சம் நாலு வருமுன்னமே துரும்பைத் தெரிந்து கவிழ்த்து வைக்கிறீர்கள். பாதிக் கையை வைத்து முழுக் கையையும் ஊகிக்கிற வேலை அது. ஷடோவேர்ஸ் பெடியனும் முதலில் மூன்று தாளைத்தான் பார்க்கிறான். எதை வைத்திருப்பது, எதைக் கட்டுக்குள் திருப்பிப் போட்டு வேறு வாங்குவது என்று அந்த மூன்றை வைத்தே முடிவெடுக்கிறான். எதிராளி இறக்காமல் வைத்திருக்கிற தாள் எது என்று கணக்குப் பார்ப்பதும் இரண்டிலும் ஒன்றுதான். மூளை அதே மூளை ஐயா, வெளிச்சம்தான் வேறு.

ஆனால் இரண்டு விசயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். 304இல் கட்டு எல்லோருக்கும் ஒன்று. கடையில் ஒருதரம் வாங்கினால் தாள் கிழியும் வரை செலவில்லை. காசுக்காரர் வீட்டு ஜேக்கும் உங்கள் ஜேக்கும் ஒரே 30தான். போனில் காசுக்காரப் பிள்ளையின் கட்டுக்குள் ஜே கூட இருக்கும். மற்றது, முன்னால் இருக்கிற கூட்டாளி பிழையாக இறக்கினால், ஒரு கிழமைக்கு அவரைப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. போனில் யாரைப் பேசுவது?

*

இந்தக் காட்ஸுக்குள்ள அனிமே எப்பிடி வந்தது, சேர்? ஏ.எல். கணிதப் பிள்ளையள் கேட்டு என்னை மடக்கிப் போட்டாங்கள்.
(ரியூசன் வாத்தியார், பரந்தன்)

அவர்களைத் திருப்பி மடக்க உங்களுக்கு ஒரு கணித ஆளையே தருகிறேன். ரிச்சர்ட் கார்பீல்ட், அமெரிக்கர், கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1993இல் அவருடைய ‘மேஜிக்: த கேதரிங்’ வெளிவந்தது. அதுவரைக்கும் உலகத்தில் பெரும்பாலும் மேசையில் கிடக்கிற ஒரே கட்டைப் பகிர்ந்துதான் விளையாடினார்கள். ஆளுக்கு ஆள் வேறு வேறு கட்டு கொண்டுவரட்டும், அந்தத் தாள்களை மூடிய பைக்கற்றில் விற்போம் என்ற இரண்டு யோசனையும் சேர்ந்து பெருவியாபாரமானது அங்கேதான். முதல் யோசனை விளையாட்டுக்காரனுக்குச் சந்தோசம். இரண்டாவது யோசனை கொம்பனிக்குச் சந்தோசம். இன்றைக்கு வரைக்கும் இந்தக் குடும்பத்தில் நடக்கிற சண்டை எல்லாம் இந்த இரண்டு சந்தோசத்துக்கும் இடையில்தான்.

ஜப்பானுக்குக் காட்ஸ் புதிதில்லை. நின்டெண்டோ 1889இல் கியோட்டோவில் தொடங்கியதே ஹனபுடா தாள் செய்யத்தான்: மாதத்துக்கு ஒரு பூவும் செடியுமாக 12 மாதம், மாதத்துக்கு 4 தாள், மொத்தம் 48. ஆனால் நீங்கள் கேட்ட கல்யாணம் நடந்தது 1996இல். கசுகி தகாஹாஷி என்ற சித்திரக் கதைக்காரர் அந்த வருசம் ஷோனென் ஜம்ப் வார இதழில் ‘யூ-கி-ஓ!’ தொடங்கினார். ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு விளையாட்டு வருகிற கதை அது. நடுவில் சும்மா ஓர் இடத்தில் மேஜிக் மாதிரி ஒரு காட்ஸ் விளையாட்டை வைத்தார். வாசகர்கள் கடிதம் எழுதித் தள்ளிவிட்டார்கள். பிறகு கதையே அந்தக் காட்ஸாகிப் போனது. (வாசகர் கடிதத்துக்கு இருக்கிற பலத்தை இந்தப் பத்திரிகையின் ஆசிரியரும் கவனிக்கவும்.) அதே வருசம் ஒக்ரோபரில் ஜப்பானில் பொக்கிமொன் தாள் வந்தது. 1999இல் கொனாமி, யூ-கி-ஓ தாளையே பைக்கற்றில் போட்டு விற்கத் தொடங்கியது.

அந்தக் கதையில் ஓர் இடம். உலகத்தில் நாலே நாலு ‘நீலக்கண் வெள்ளைப் பறவைநாக’த் தாள். மூன்று, கைபா என்ற காசுக்காரப் பெடியனிடம். நாலாவது, கதாநாயகன் யூகியின் தாத்தாவிடம். கைபா தாத்தாவைத் தோற்கடித்து அந்த நாலாவதை வாங்குகிறான். வாங்கியதும் கிழித்துப் போடுகிறான். ஒரு கட்டில் மூன்றுக்கு மேல் வைக்க முடியாது. தனக்குத் தேவையில்லாதது தனக்கு எதிராக வந்துவிடக்கூடாது. இந்த ஒரு காட்சியில் சேர்க்கிறவனின் ஆசை, பயம், பொறாமை மூன்றும் இருக்கிறது. அடுத்த வேலிக்குள் மா காய்க்கக்கூடாது என்று கிணற்றடியில் நின்று யோசிக்கிற ஆக்களை எங்களுக்கும் தெரியும்தானே.

தகாஹாஷி 2022 ஜூலையில் ஒகினாவாக் கடலில், நீரோட்டத்தில் அகப்பட்டவர்களைக் காப்பாற்ற இறங்கி உயிர்விட்டார். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

*

ஒரு தாள் கிடைக்கிற வாய்ப்பு 1 வீதம் எண்டு போட்டிருக்கு. அப்ப 100 தரம் இழுத்தால் கட்டாயம் ஒண்டு வரும்தானே?
(ஏ.எல். மாணவி, தர்மபுரம்)

வராது தங்கச்சி. ஒருதரம் இழுத்து வராமல் போகிற வாய்ப்பு 0.99. அதை நூறு தரம் பெருக்கிப் பாரும்: 0.366. நூறு நூறு தரம் இழுத்த நூறு பேரில் 36, 37 பேர் வெறுங்கையோடுதான் எழும்புவார்கள். பத்தில் ஒன்பது பேருக்காவது கிடைக்க வேண்டுமென்றால் ஆளுக்கு 230 தரம் வரை இழுக்கவேண்டும்.

உங்கள் அம்மா பிடிக்கிற குலுக்கல் சீட்டை நினைத்துப் பாரும். 20 பேர், மாதம் ஒரு பெயர். பெயர் வந்தவரின் துண்டு திரும்பக் குவளைக்குள் போகாது. அதனால் எவ்வளவு கெட்ட நேரம் பிடித்தவருக்கும் இருபதாம் மாதம் காசு கைக்கு வந்தே தீரும். போனில் இருக்கிற ‘கச்சா’வில் இழுத்த துண்டு ஒவ்வொரு தரமும் குவளைக்குள் திரும்பிப் போகிறது. இதே 20 துண்டைத் திரும்பப் போட்டுப் போட்டு 20 தரம் குலுக்கினாலும் உம்முடைய பெயர் ஒருதரமும் வராமல் போக 36 வீத வாய்ப்பு. சீட்டுப் பிடிக்கிற மாமி நல்ல கணக்காளி. அவவை ஜப்பானுக்கு அனுப்பலாம்.

அனுப்பாமலே ஜப்பானுக்கு இது விளங்கிய கதையும் உண்டு. அடுத்த கேள்விக்குப் போம்.

*

என்ர போன் காசில மகன் ஏதோ ‘பத்து இழுவை’ இழுத்துப் போட்டான். கேட்டால் "வராமல் விடாது அம்மா" எண்டுறான். இதைத் தட்டிக் கேக்க ஒருத்தரும் இல்லையோ?
(ஒரு தாய், கண்டாவளை)

இருக்கிறார்கள் அக்கா, ஆனால் தூரத்தில். ஜப்பானில் சில்லறை போட்டுத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை விழுகிற இயந்திரம் 1960களிலேயே கடை வாசலுக்கு வந்துவிட்டது. ‘கச்சா’ அதன் பேரப்பிள்ளை. 2010ஐத் தாண்டி அது போனுக்குள் போனது. முதல் வந்த கொம்பனிகள் ஒரு தந்திரம் செய்தன: இத்தனை தாள் கொண்ட ஒரு தொகுதியை முழுதாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு. ஆறு தாள், ஆறுக்கும் ஒரே வாய்ப்பு என்றே வையுங்கள். ஆறையும் சேர்க்கச் சராசரியாக 15 இழுவை பிடிக்கும். அதில் கடைசித் தாளுக்கு மட்டும் 6. அந்தக் கடைசித் தாளின் வாய்ப்பைக் கொஞ்சம் இறுக்கினால் போதும், காசு கொட்டும். ஐந்தைச் சேர்த்தவன் ஆறாவதை விட்டுவிட்டுப் போகமாட்டான் என்பது கொம்பனிக்குத் தெரியும். 2012 மே மாதம் ஜப்பானின் நுகர்வோர் முகவரகம் இந்த முறை சட்டத்துக்கு விரோதம் என்றது. கொம்பனிகளின் பங்கு விலை அந்த மாதமே விழுந்தது.

பிறகு 2016 புதுவருசம். சைகேம்ஸின் இன்னொரு விளையாட்டான ‘கிரான்புளூ பான்ரசி’யில், குரங்கு வருசத்துக்கென்று ஒரு பிள்ளையின் தாள் விட்டார்கள். ஒருவர் எல்லோரும் பார்க்க நேரலையில் இருந்து இழுக்கிறார், இழுக்கிறார். 2,276ஆவது இழுவையில்தான் வந்தது. செலவு கிட்டத்தட்ட 7 லட்சம் யென். நாடே கத்தியது. சில மாதத்துக்குள் கொம்பனி ஓர் உச்சவரம்பு வைத்தது: 300 இழுவை இழுத்தும் வராவிட்டால், விரும்பிய தாளை எடுத்துக்கொண்டு போகலாம். ஜப்பான்காரர் அதைக் ‘கூரை’ என்கிறார்கள். அந்தக் கூரை 90,000 யென் உயரம், அக்கா. எங்கள் வீட்டுக் கூரைத் தகடு அதைவிட மலிவு.

2017 மே முதல் சீனா, வாய்ப்பு வீதத்தை வெளியே போடச் சொன்னது. 2018இல் பெல்ஜியம் காசுக்கு இழுக்கிற பெட்டிகளைச் சூது என்றது. இவர்கள் எல்லோரும் வந்து உங்கள் வீட்டு விறாந்தையில் நிற்க மாட்டார்கள். போனின் கடை அமைப்புக்குள் போய், ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். கடவுச்சொல்லாக மகனின் பெயரையும் பிறந்த வருசத்தையும் வைக்காதீர்கள். அவன் முதலில் அதைத்தான் அடிப்பான்.

இந்த விளையாட்டுகளைக் காசில்லாமலும் விளையாடலாம் என்பதையும் சொல்லவேண்டும். 2024 ஒக்ரோபர் 30இல் வந்த ‘பொக்கிமொன் டிசிஜி பொக்கெற்’, நாளுக்கு இரண்டு பைக்கற்றைச் சும்மா தருகிறது, பைக்கற்றுக்கு 5 தாள். அந்த உறையைக் கிழிக்கிற சத்தத்தைக்கூட ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். 12 மணித்தியாலத்துக்கு ஒருதரம் பிள்ளை போனைத் தேடுவது அதற்காகத்தான். இலவசம் என்றால் காசு இலவசம். நேரத்துக்கு வேறு விலை.

*

மேலே உள்ள தாய்க்குப் பதில் சொல்லேக்க, லொத்தர் வாங்கிற எங்களையும் சேர்த்து ஏசுவீரோ?
(தர்மபுரம் சந்தி)

உங்கள் கேள்வி வருமுன் எழுதி முடித்துவிட்டேன். சட்டைப் பைக்குள் ‘லக்ன வாசனா’வை மடித்து வைத்துக்கொண்டு மகனுக்கு அடிக்கக் கை ஓங்காதீர்கள், அவ்வளவுதான். ஒரு வித்தியாசம்: உங்களுக்கு விழுந்தால் காசு வரும், அவனுக்கு விழுந்தால் படம் வரும். வராதபோது இரண்டும் ஒன்று.

*

சிவன், பார்வதி, லட்சுமி எல்லாம் இந்த விளையாட்டுகளில தாளாய் வருதாம். பாவமில்லையோ?
(புளியம்பொக்கணை)

2012இல் வந்த ஜப்பானின் ‘பசில் அன்ட் டிராகன்ஸ்’ பார்வதியையும் லட்சுமியையும் வைத்துத்தான் பந்து அடுக்குகிறது. உடுப்பில் எனக்கும் முறைப்பாடு உண்டு. ஆனால் சாமியைத் தாளில் ஏற்றிய முதல் ஆள் ஜப்பான்காரன் இல்லை. இந்தியாவில் ‘கஞ்சிபா’ என்று வட்டத் தாள்கள். தசாவதாரக் கஞ்சிபாவில் அவதாரத்துக்கு ஓர் இனமாகப் 10 இனம், இனத்துக்கு 12, ஆக 120 தாள். கையால் எழுதிய படம், மேலே அரக்கு மெருகு. பகலில் விளையாடினால் ராமர் தாள் வைத்திருப்பவர் தொடங்கவேண்டும், இரவென்றால் கிருஷ்ணர். மகாராஷ்டிரத்துச் சாவந்த்வாடியிலும் வங்காளத்து விஷ்ணுபூரிலும் இன்னும் செய்கிறார்கள். மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தானே புதிது புதிதாக இப்படி ஆட்டங்களை வகுத்தார். அரண்மனையில் இருந்து சாமியை வைத்துக் காட்ஸ் அடித்த ராசாவுக்கு வராத பாவம் உங்கள் பேரனுக்கு வராது. வந்தால் ஓ.எல். பெறுபேறாக வரும்.

*

நான் பெண் பிள்ளை. இந்த விளையாட்டு பெடியளுக்கு மட்டும் எண்டு அண்ணா சொல்லுறான்.
(9ஆம் வகுப்பு, கல்லாறு)

அண்ணாவிடம் ‘கார்ட்கப்டர் சகுரா’ பார்த்தானா என்று கேளும். 1996இல் தொடங்கிய சித்திரக் கதை. எழுதி வரைந்த ‘கிளாம்ப்’ குழுவில் எல்லோரும் பெண்கள். பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி, தன்னுடைய கைப்பிழையால் புத்தகத்துக்குள் இருந்து பறந்துபோன மந்திரத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறாள். காற்று ஒரு தாள், நிழல் ஒரு தாள், மழை ஒரு தாள். புத்தகத்தில் 19, ரிவிக்கு எடுத்தபோது 52 ஆக்கினார்கள். பிடித்த தாளை அடுத்த தாளைப் பிடிக்கப் பாவிப்பாள். சேர்ப்பது, அதை வைத்துச் சண்டைபிடிப்பது, வழியில் வளர்வது என்று இன்றைய விளையாட்டுகளின் முழு எலும்பும் அதில் இருக்கிறது.

சுட்டி ரிவியில் தமிழ் பேசிய ஜாக்கி சானை நினைவிருக்கிறதா என்று வீட்டில் பெரிய அக்காமாரைக் கேளும். அது அமெரிக்கக் காட்டூன், ஜப்பான் அனிமே இல்லை. ஆனாலும் முதல் பாகம் முழுக்க 12 தாயத்தைத் தேடி ஓடுகிற ஓட்டம்தான், தாயத்துக்கு ஒரு சக்தி. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு ‘இன்னும் ஒன்று குறைகிறது’ என்ற சொறி புதிதில்லை. அந்தக் காட்டூனில் வருகிற சின்னப் பெண் ஜேட்டின் வாய்க்கு முன்னால் உம்முடைய அண்ணா எம்மாத்திரம்.

*

கதை விளையாட்டில (ஆர்.பி.ஜி.) உலகத்தைக் காப்பாத்தப் போறவன் ஏன் நடுவழியில காட்ஸ் விளையாடுறான்?
(விசுவமடு)

முல்லைத்தீவுக்கு அவசரமாகப் போகிற பஸ் ஏன் தேத்தண்ணிக் கடையில் அரை மணித்தியாலம் நிற்கிறதோ, அதே காரணம். 1999இல் வந்த ‘பைனல் பான்ரசி 8’இல், மூன்றுக்கு மூன்று கட்டத்தில் ஆளுக்கு ஐந்து தாள் வைத்து ஆடுகிற ‘ரிப்பிள் ரையட்’ ஒன்றைச் சும்மா பக்கத்தில் வைத்தார்கள். உலகம் அழிகிற நேரத்தில் வழியில் போகிறவர் வருகிறவரை எல்லாம் மறித்துத் தாள் வெல்லலாம். வென்ற தாளை உடைத்து மருந்தும் மந்திரமும் ஆக்கலாம். பலருக்குக் கதாநாயகியின் பெயர் மறந்துவிட்டது, அந்தத் தாள் விதி மறக்கவில்லை. பிறகு 2003இல் ‘பாட்டன் கைட்டோஸ்’ முழுச் சண்டையையும் தாளாலேயே நடத்தியது. அதில் ஒரு பகிடி: தாளுக்குள் இருக்கிற சாப்பாடு நாட்போகப் பழுதாகி வேறு தாளாகிவிடும்.

*

எங்கட பக்கம் சிக்னல் வாறதும் போறதும். பிரீ பயர் விளையாடினால் எதிரி சுட்ட பிறகுதான் எதிரியே தெரியுது. காட்ஸ் விளையாட்டு சரிவருமோ?
(கல்லாறு)

நன்றாகச் சரிவரும். வன்னிக்கு இந்த விளையாட்டு ஒட்டுவதற்கு நான் கண்ட முதல் காரணமே அது. முறை முறையாக ஆடுவதால், ஐந்து செக்கன் இழுபட்டால் தலை போகாது. பழைய போனும் சூடாகாது. கட்டு கட்டுவதைப் பற்றி யோசிக்கப் போனே தேவையில்லை, வயலுக்குத் தண்ணி கட்டும்போதும் யோசிக்கலாம்.

சிக்னலே இல்லை என்றால் ‘பலாட்ரோ’. அனிமே இல்லை, பறவைநாகம் இல்லை. போக்கர் கையை வைத்துப் பகிடித் தாள்களால் புள்ளியைப் பெருக்குகிற ஒற்றை ஆள் ஆட்டம். 2024இல் பெயர் சொல்லாத ஒரே ஒருவர் செய்தது. ஒருதரம் வாங்கினால் பிறகு காசு கேட்காது. இதில் விசேசம் என்னவென்றால், ஐரோப்பாவின் வயது நிர்ணயச் சபை, காட்ஸ் படம் இருக்கிறதே என்று இதற்கு 18 வயது முத்திரை குத்தியது. உண்மையான காசுக்குப் பைக்கற் விற்கிற உதைபந்தாட்ட விளையாட்டுக்கு அதே சபை குத்தியது 3 வயது. முறையீட்டுக்குப் பிறகு 2025 பெப்ரவரியில் பலாட்ரோவை 12க்கு இறக்கினார்கள். முதல் கேள்வி கேட்ட தம்பியின் அப்பாவும் அந்தச் சபையும் ஒரே பள்ளிக்கூடம் போலிருக்கிறது: காட்ஸைக் கண்டால் அடி, காசு போனால் தேத்தண்ணி.

*

2009 தை மாதம் தர்மபுரத்தை விட்டு வெளிக்கிடேக்க என்ர முத்திரை அல்பத்தையும் விட்டுட்டுத்தான் வந்தன். இப்ப மகன் போனில ஆயிரக்கணக்கில தாள் சேர்த்து வைச்சிருக்கிறான். "இதை ஒருத்தரும் எடுக்கேலாது அம்மா, கிளவுட்டில கிடக்கு" எண்டுறான். உண்மையோ?
(தையல் கடை, தர்மபுரம்)

பாதி உண்மை அக்கா. கிளிநொச்சி ஆஸ்பத்திரியே போரில் இடம்பெயர்ந்து தர்மபுரத்துக்கு வந்து, அங்கேயும் இருக்க முடியாமல் கிழக்கே போன மாதம் அது. உரப் பையில் அரிசிக்கும் பிள்ளையின் உடுப்புக்கும் இடம் பார்த்த கை, அல்பத்தை வெளியில் வைத்திருக்கும். அந்தப் பையில் இடம் பிடிக்காத சேகரிப்பு ஒன்று இருக்கிறது என்பது உங்கள் மகனுக்குச் சும்மா தொழில்நுட்பம். உங்களுக்கு அப்படித் தெரியாது. போன் துலைந்தாலும் கணக்கும் கடவுச்சொல்லும் இருந்தால் தாள் எல்லாம் திரும்பி வரும். அந்தளவுக்கு அவன் சொல்வது சரி.

மற்றப் பாதி: கொம்பனி கடையைப் பூட்டினால் போயிற்று. கொனாமி 2022 செப்ரெம்பரில் ‘யூ-கி-ஓ! குரொஸ் டுவல்’ விட்டது. 2023 செப்ரெம்பரில் மூடியது. காசு கொடுத்து இழுத்த தாள், விடிய விடிய விளையாடி வென்ற தாள் எல்லாம் ஒன்றாகப் போனது. அங்கே வாங்குவது தாளைப் பார்க்கிற அனுமதி மட்டும்தான், உரித்து இல்லை. விற்கவும் முடியாது, தம்பிக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. பிடித்த கட்டுகளை ஸ்கிரீன்சொட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் விசயம்: கொழும்பில் தபால் திணைக்களத்தின் முத்திரைப் பணியகம் இன்னும் முத்திரை விற்கிறது. வெள்ளைத்தாள் அல்பம் ஒன்றை வாங்கித் தொடங்குங்கள். மகனுக்கு ஒரு பக்கம் விடுங்கள்.

*

கனடாவில இருந்து சித்தப்பா ஒரு பெட்டி பொக்கிமொன் தாள் அனுப்பியிருக்கிறார். சொக்லேற் எண்டு உடைச்சு ஏமாந்து போனம். இதை என்ன செய்யிறது?
(தர்மபுரம்)

உடனே சித்தப்பாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, கையைக் கழுவிவிட்டுத் தொடும். 1997, 98இல் ஒரு ஜப்பான் இதழ் நடத்திய ஓவியப் போட்டியில் வென்ற பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்த பிக்காச்சு தாள் ஒன்றை, 2021இல் யூரியூப்காரர் லோகன் போல் 52 லட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு வாங்கினார். அடுத்த வருசம் அதைச் சங்கிலியில் கோத்து, கழுத்தில் போட்டுக்கொண்டு டபிள்யூடபிள்யூஈ மேடைக்கு வந்தார். உம்முடைய பெட்டியில் அது இருக்காது. இருந்தால் எனக்கு எழுத வேண்டாம். ஒருவருக்கும் எழுத வேண்டாம்.

இல்லாவிட்டால் 60 தாளில் ஒரு கட்டுக் கட்டி, ஒழுங்கையில் இருக்கிற பிள்ளைகளைச் சேர்த்து விளையாடும். மதவடியில் வேண்டாம், தடி வரும்.

*

நல்ல கேள்விக்குப் பரிசு ஏதும் குடுக்கிறியளோ?
(பரந்தன்)

இந்தக் கிழமை புளியம்பொக்கணை ஐயாவுக்கு ஒரு காட்ஸ் கட்டு. ஏழில் இருந்து மேலே 32 தாளையும் எண்ணிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். உறையைக் கிழிக்குமுன்னமே உள்ளுக்கு நாலு ஜே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.